எந்தக் கருவி சொன்ன 540?

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் கனம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். அதில் 15 மைக்ரான் முன்னே பின்னே போனால் என்ன வந்துவிடும்?

லாசிக் சிகிச்சைக்கு வரும் ஒருவருக்குக் கருவிழி 480 மைக்ரான், பவர் மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். முதலில் மேலே திறக்கும் மடலுக்கு 110. அடுத்து, 6 மில்லிமீட்டர் வட்டத்தில் லேசர் சீவுவது பவர் ஒன்றுக்குச் சுமார் 12 வீதம் 120. மிச்சம் 250. அடியில் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. அந்த 480ஐயே கருவி 15 கூட்டிச் சொல்லியிருந்தால் மிச்சம் 235தான். மெலிந்த கருவிழி பின்னாளில் புடைத்துப் பார்வையைக் கெடுக்கலாம். (நிதானமான மருத்துவர் இந்தக் கண்ணில் லேசரையே வைக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.)

நெடுங்காலமாக உரைகல்லாக இருப்பது அல்ட்ராசவுண்ட் பேக்கிமீட்டர். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, பேனா போன்ற முனையால் கருவிழியைத் தொடுவார்கள். முன்பரப்பிலும் பின்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒலியின் நேர இடைவெளியிலிருந்து கனம் கிடைக்கிறது. ஆனால் முனை நடுவிலிருந்து விலகினால் அளவு கூடிவிடும். ஓரம் போகப் போகக் கருவிழி தடிப்பு.

தொடாமல் அளப்பவை ஒளிக்கருவிகள். ஆர்ப்ஸ்கேன் அல்ட்ராசவுண்டைவிடக் கூடுதலாகக் காட்டியதால் 0.92ஆல் பெருக்கிச் சரிக்கட்டினார்கள். லாசிக் முடிந்த கண்ணிலோ அது குறைத்துக் காட்டும் என்பது இன்னொரு வம்பு. சுழலும் கேமரா கொண்ட பென்டாகேமும், ஒளி திரும்பி வருவதைக்கொண்டு அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் ஓசிடியும் சமர்த்து: ஒரே கண்ணைத் திரும்பத் திரும்ப அளந்தால் பெரும்பாலும் சில மைக்ரானுக்குள்தான் வேறுபடும்.

ஆனால் ஒரு கருவி சொன்னதையே சொல்வது வேறு, இன்னொரு கருவியோடு ஒத்துப்போவது வேறு. இரண்டின் அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துத் திருப்தியடைவது ஆய்வாளர்களின் வழக்கமாக இருந்தது. எப்போதும் 20 கூட்டிச் சொல்லும் கருவிகூட அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்! இந்த ஓட்டையை 1986இல் 'லான்செட்' இதழில் விளக்கியவர்கள் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள். ஒவ்வொரு கண்ணிலும் இரு கருவிகளுக்கும் உள்ள வித்தியாசத்தையே வரைந்து பாருங்கள் என்றார்கள்.

பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோயில் இந்தக் கருவி வித்தியாசம் இன்னும் உறைக்கும். கண் அழுத்தம் கூடியவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 2002இல் வெளியானது. கருவிழி 555 மைக்ரானோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்கு, 588க்கு மேல் இருந்தவர்களைவிட நோய் வரும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. அந்த இரு கோடுகளுக்கும் இடைவெளி 33 மைக்ரான்தான். ஆய்வில் அளந்ததும் அல்ட்ராசவுண்டில்தான். வேறு கருவியில் எடுத்த எண்ணை அப்படியே அந்தக் கோட்டின்மீது வைத்தால், 20 மைக்ரான் வித்தியாசமே இடைவெளியில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.