வேங்கையும் வேர்முடிச்சும்

வேங்கைப் புலியையும் ரைசோபியம் என்னும் மண் பாக்டீரியாவையும் ஒப்பிடுவது முதற்பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வளர்ந்த ஆண் புலியின் எடை ஏறத்தாழ 200 கிலோ. பாக்டீரியாவின் நீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. எனினும் இவ்விரண்டையும் பேணும் கடமை அரசுத் துறைகளுக்கு உண்டாதலின், ஒப்பீடு பயனற்றதன்று.

புலி உணவுத் தொடரின் உச்சியில் நிற்பது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 மான் போன்ற விலங்குகளை வேட்டையாடுகிறது. ரைசோபியமோ அத்தொடரின் அடித்தளத்தில் உழைப்பது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடிகளால் அதனை நேரே பயன்படுத்த இயலாது. பயறுவகைச் செடிகளின் வேரினுள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கும் இப்பாக்டீரியா, அந்நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்கு அளித்து, ஈடாகச் சர்க்கரையைப் பெறுகிறது. உரத் தொழிற்சாலையில் இதே வேலைக்கு 400 டிகிரியளவு வெப்பமும் கடுமையான அழுத்தமும் தேவை. நன்கு செயற்படும் முடிச்சைக் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரியும். புலியின் குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளே இதற்குக் காரணம் என்பது வியப்பிற்குரியது.

இடத்திற்குரிய உயிர் இல்லாதபோது வெளியிலிருந்து கொணர வேண்டியுள்ளது என்பதிலும் இரண்டும் ஒத்தவை. ராஜஸ்தானத்தின் சரிஸ்கா காப்பகத்தில், கள்ள வேட்டையால் புலிகள் அற்றுப்போனது 2005-இல் உறுதியாயிற்று. 2008-இல் ரந்தம்போரிலிருந்து புலிகள் கொணரப்பட்டன. 1970களில் மத்தியப் பிரதேசத்தில் சோயா மொச்சை பரவியபோது, அப்பயிருக்குரிய பாக்டீரியா பல நிலங்களில் இல்லை. கொண்டைக்கடலையின் வேரில் வாழும் இனம் சோயாவிற்கு உதவாது. ஆகவே விதையுடன் நுண்ணுயிர் கலந்து விதைக்க நேர்ந்தது.

கணக்கெடுப்பில்தான் நாம் ஏமாறுகிறோம். சரிஸ்காவில் புலிகள் மறைந்துகொண்டிருந்த காலத்திலும் காலடித் தடக் கணக்கு அவை இருப்பதாகவே காட்டி வந்தது. பின்னரே தானியங்கி நிழற்படக் கருவிகள் நாடெங்கும் முறையாகப் புகுத்தப்பட்டன. 2022 கணக்கெடுப்பு 3,682 புலிகள் என மதிப்பிட்டது. நுண்ணுயிர் உரத்திலோ, வழங்கிய பொட்டலங்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் சாதனையாகக் கொள்ளப்படுகிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, தூள் வடிவ ரைசோபிய உரத்தின் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருத்தல் வேண்டும். கோடையில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்த பொட்டலத்தில் அவை பெரிதும் மடிந்திருக்கும். பதிவேடு அதனை அறியாது.

விரிவாக்க அலுவலர் செய்யத்தக்க சோதனை எளிது. பொட்டலத்தின் காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்து, ஆறிய வெல்லக் கரைசலுடன் விதையில் கலக்கச் செய்தல் வேண்டும். பயிர் பூக்கும் தறுவாயில் ஐந்தாறு செடிகளை வேர் அறாமல் தோண்டியெடுத்து, முடிச்சுகளைக் கீறி நிறம் பார்த்தால் போதும். இதற்கு ஒரு பேனாக்கத்தியும் அரைமணி நேரமுமே செலவாகும்.