மாத்திரையா, கவுன்சலிங்கா?

12 வாரத்தில் தெரிந்த வேறுபாடு

பிள்ளைக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் கேட்பது இதைத்தான்: "மாத்திரை இல்லாமல் கவுன்சலிங் மட்டும் போதுமா?" அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. 12 வாரத்தில், ஃப்ளூக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61. பேச்சு சிகிச்சை மட்டும் என்றால் 43. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 35.

36ஆம் வாரத்தில் பேச்சு சிகிச்சை மாத்திரையை எட்டிப் பிடித்தது. இரண்டிலும் 81 சதவீதம். ஆனால் அதற்குள் ஒரு கல்வியாண்டு ஏறக்குறைய முடிந்துவிடும். கடுமையான சோர்வில் இருக்கும் பிள்ளையை அவ்வளவு காலம் காக்க வைப்பது நியாயமில்லை.

பேச்சு சிகிச்சை என்றால் அறிவுரை அல்ல. "எனக்கு எதுவும் வராது" என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது, அது உண்மையா என்று பிள்ளையே ஆராயப் பழக்குவது. விட்டுப்போன விளையாட்டையும் நட்பையும் சிறிது சிறிதாக மீட்பது. (பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டுவது எந்தச் சிகிச்சையிலும் சேராது.)

அந்தக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை

இணையத்தில் மருந்தின் பெயரைத் தேடும் பெற்றோர், கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட்ட எச்சரிக்கையைப் படித்துவிட்டு நடுங்கிப்போகிறார்கள். மனச்சோர்வு மருந்துகள் இளவயதினருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு அத்தகைய எண்ணமோ முயற்சியோ இருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. 439 பேரின் ஆய்விலோ, மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிடப் பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களிடம் இந்த ஆபத்து குறைவாகவே இருந்தது. பிள்ளையை உன்னிப்பாகக் கவனியுங்கள் என்பதற்கான எச்சரிக்கை இது. மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களும் அதன் அளவை மாற்றும் நாட்களும் முக்கியம். திடீர் எரிச்சல், நிலைகொள்ளாமை, தூக்கமின்மை, சாவைப் பற்றிய பேச்சு தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். குமட்டலும் தலைவலியும் முதலில் வரலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குடும்பத்தில் யாருக்காவது இருமுனை மனநோய் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். அத்தகைய சிலருக்கு இம்மருந்து மிகையெழுச்சியை (மேனியா) தூண்டலாம்.

தேறிய பிறகும் மாதக்கணக்கில் மருந்து தொடரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைகள் பெரியவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். அவசரத்தில் பேச, இந்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.