மீண்டும் கண்ட கோணமலை

விடுமுறைக்கு எங்கே போவது என்னும் வினா எங்கள் வீட்டில் ஒருபோதும் எழுந்ததில்லை. ஆகஸ்ட் மாதத்திற் பாடசாலை மூடப்பட்டதும் ஐயா அலுவலகத்தில் லீவு எடுப்பார். அம்மா தோசையையும் சம்பலையும் வாழையிலையிற் பொதி செய்வார். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு வண்டி ஏறுவோம். 1961 முதல் 1968 வரை எட்டு ஆண்டுகள் இவ்வாறே திருக்கோணமலைக்குப் போனோம். அயல்வீட்டுப் பிள்ளைகள் நுவரெலியாவையும் கண்டியையும் பற்றிக் கதை அளக்கும்போது எனக்குச் சொல்லுவதற்கு ஒரேயோர் ஊர்தான் இருந்தது. ஆயினும் அதையிட்டு நான் குறைப்பட்டதில்லை.

1927 இல் திறக்கப்பட்ட பாதை அது. நள்ளிரவில் கல் ஓயாச் சந்தியில் வண்டி இரண்டாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதி மட்டக்களப்புக்கும் மற்றையது திருக்கோணமலைக்கும் போகும். பெட்டிகள் மோதி விலகும் ஓசையில் விழித்துக்கொண்டு, நாம் சரியான பெட்டியிலேதான் இருக்கின்றோமா என்று ஆண்டுதோறும் அம்மா கேட்பார். ஆண்டுதோறும் ஐயா சிரிப்பார். விடியும் வேளையில் தம்பலகாமத்து வயல்கள் தென்படும். அப்போது ஐயா எங்களைத் தட்டி எழுப்பி, வயலையும் கொக்கையும் காட்டிக் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வருவார். சீனன்குடா நிலையம் நெருங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். இரவு முழுவதும் விழித்திருந்த களைப்பு என்றே நான் நினைத்திருந்தேன்.

ஊரிலே எங்கள் நாட்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நாள் விடியற்காலையிற் கோணேசர் கோயில். இரண்டாம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். மூன்றாம் நாள் நிலாவெளிக் கடற்குளிப்பு. கட்டட வேலை நடந்துகொண்டிருந்த கோயிலையும், 1963 இற் குடமுழுக்குக் கண்ட கோயிலையும் அடுத்தடுத்த ஆண்டுகளிற் பார்த்தவன் நான். போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்த கதை, அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போன கதை, 1950 இற் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்ட கதை எல்லாவற்றையும் ஐயா சொல்லுவார். கோட்டை வாயிற் கல்லிலே செதுக்கிய இரட்டை மீனை எங்கள் விரலாலே தடவச் செய்வார். மாலையிற் சுவாமி மலை உச்சிக்கு வந்து, காதலன் கப்பலேறிப் போனதால் இந்தப் பாறையிலிருந்து குதித்தாள் என்று சொல்லப்படும் ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் றீடின் கதையையும் சொல்லுவார். 1687 என்று ஆண்டு பொறித்த தூண் ஒன்று அவள் பெயரால் அங்கே நிற்கின்றது. அவள் குதிக்கவுமில்லை, இறக்கவுமில்லை, சில ஆண்டுகளின் பின் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்பதை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன என்று பிற்காலத்திற் படித்தபோது எனக்கு ஏமாற்றம் உண்டாகவில்லை. அந்தப் பெண்மீது மதிப்புத்தான் கூடியது.

கதை முடிந்ததும் எல்லாரும் கடலைப் பார்ப்போம். ஐயா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகம் இருக்கும் திசையை நெடுநேரம் பார்த்தபடி நிற்பார்.

ஐயா 1979 இற் காலமானார். எனக்குத் தொழில் வந்தது, குடும்பம் வந்தது, பின்னர் போர் வந்தது. 2011 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அந்த ஊருக்குப் போனேன். போனவன் செய்த வேலையை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கின்றது. முதல் நாள் கோயில், இரண்டாம் நாள் கன்னியா, மூன்றாம் நாள் நிலாவெளி என்று ஐயாவின் ஒழுங்கை அணுவளவும் பிசகாமற் பின்பற்றினேன். நாங்கள் தங்கிய விடுதி இல்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நிலாவெளியின் கரை வேறொன்றாகியிருந்தது. புதிய விடுதிகள் எழுந்திருந்தன. இங்கே ஒரு மரம் நின்றது, இல்லை. இங்கே ஒரு தேநீர்க் கடை இருந்தது, இல்லை என்று கணக்கெழுதிக்கொண்டே திரிந்தேன். அது பயணமன்று, திவசம். திவசத்திலே புதிதாக எதையும் தேடுவார் உண்டோ? ஒரு நாள் முந்தியே திரும்பிவிட்டேன். இனி அங்கே போவதில்லை என்று மனத்துக்குள் முடிவும் செய்துகொண்டேன்.

அந்த முடிவைக் குலைத்தவள் என் பேத்தி. உயர்தர வகுப்பிலே ஆங்கில இலக்கியம் பயில்கின்றவள். 2023 டிசெம்பர் விடுமுறையிலே திருக்கோணமலைக்குக் கூட்டிப் போகும்படி கேட்டாள். மார்கழியில் அங்கே மழை, கடல் கொந்தளிக்கும், குளிக்கவும் முடியாது, ஒன்றும் பார்க்கவும் முடியாது என்று மறுத்தேன்.

“கொந்தளிக்கிற கடலைப் பார்ப்பமே, அப்பப்பா” என்றாள்.

கிழக்குக் கரையின் கடலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்க, கிழக்குக் கரை குளம்போற் கிடக்கும். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் அக்காலத்திற் குடும்பத்தோடு இங்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள். வாடைக்காற்றுத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். வாடிகள் வெறுமையாகும், வள்ளங்கள் கரையேறும். இவற்றை நான் புத்தகத்திற் படித்திருந்தேன், வகுப்பிலே படிப்பித்துமிருந்தேன். ஆயினும் எட்டு ஆண்டுகள் விடாமற் போயும், ஓர் ஊரின் ஆகஸ்ட் மாதத்தை மாத்திரமே நான் அறிந்திருந்தேன் என்பது அந்த மழைக்குள் மோட்டார் வண்டியை விட்டு இறங்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

மறுநாட் காலையிற் சுவாமி மலைக்குப் போனோம். மழை சிறிது விட்டிருந்தது. கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் நனைந்த உடம்போடு மதிலோரம் ஒதுங்கி நின்றன. மேலே ஏற ஏற ஓர் ஒலி கேட்டது. இடியோ என்று ஐயுற்றேன். உச்சியை அடைந்ததும் தெரிந்தது, அது கடல். முந்நூறு அடிக்கு மேற்பட்ட பள்ளத்திலே, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுக்குள் அலைகள் புகுந்து மோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மோதலும் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது.

இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகத்தை ஆசிரியர்கள் அறிவார்கள். முழங்கும் கடல் முத்தை வாரிக் கரையிற் குவிப்பதாக அதிலே ஒரு காட்சி வருகின்றது. சம்பந்தர் ஈழத்துக்கு வந்ததில்லை, இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அதைப் படிப்பித்த நான் மாணவருக்கு என்ன சொன்னேன் தெரியுமா? “கடல் முழங்குவது வெறும் மரபுவழி வருணனை, கோணமலைக் கடல் அமைதியானது, நானே எட்டுமுறை கண்டிருக்கின்றேன்” என்று சொன்னேன். கண்ணாற் கண்டவன் என்ற செருக்கு! வாராமலே பாடியவர் கேட்ட ஒலியை, எட்டுமுறை வந்தவன் கேட்கவில்லை. என்னிடம் அந்தப் பாடத்தைக் கேட்டவர்களுள் எவரேனும் இதைப் படித்தால், தம் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிடுவார்களாக.

கன்னியாவுக்கு மழையோடுதான் போனோம். சிறு பராயத்தில் அங்கே போவது எனக்குப் பெருந்தண்டனை. ஆகஸ்ட் மாதத்து வெயிலிலே வெந்நீரைத் தலையில் ஊற்றினால் எந்தப் பிள்ளைதான் விரும்பும்? அன்று மழைக் குளிரிலே ஏழு கிணறுகளின் மேலும் ஆவி மெல்லெனப் படர்ந்து நின்றது. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. பேத்தி ஒவ்வொரு கிணற்று நீரிலும் கைவைத்துப் பார்த்து, எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்த முயன்று, நாலாவதோடு குழம்பிப்போய் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் நிலத்திலே ஊன்றிய இடங்கள் இவை என்று பழங்கதை சொல்லும். துக்கத்தோடு வந்தவனுக்குச் சுடுநீர் ஏன் என்று சிறுவனாக நான் கேட்டதுண்டு. வாளியை உயர்த்தித் தோளில் ஊற்றியபோது, முதுமையினால் இறுகிய மூட்டுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. கேள்வி எங்கோ போய்விட்டது.

நிலாவெளியிற் குளிக்க முடியவில்லை. கரைவலையும் இல்லை, அம்பாப் பாட்டும் இல்லை. கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் அருகே கொட்டிலுக்குள் இருந்து முதியவர் ஒருவர் வலையின் கிழிசலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். தவறான காலத்தில் வந்துவிட்டோம் என்று பேச்சுக் கொடுத்தேன். “உங்களுக்கு லீவு ஆவணியிலை, எங்களுக்கு லீவு மார்கழியிலை” என்றார். கரையிலே பாய் விரித்துப் பிள்ளைகளோடு இருந்து கதைக்கும் அவருடைய விடுமுறைக்குள் அழைப்பின்றி நுழைந்தவர்கள் நாங்கள்தாம். இஞ்சி போட்ட வெறுந்தேநீர் தந்தார்.

மழை வலுத்தபடியால் மறுநாள் எந்தத் திட்டமும் கைகூடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தோம். மைதானத்தருகே உள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் பேத்தி. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினுடைய தம்பியார், கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852 இற் பர்மாவிலே ஐராவதி ஆற்றில் நோயால் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டவர். பாடநூலிற் கண்ட பெயரை ஈரப் புல்லுக்குள்ளே தேடிக் கண்டுபிடித்த அவளுடைய மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. எட்டு ஆண்டுகள் நான் அந்த மதிலைக் கடந்து போயிருக்கின்றேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஐயாவின் ஒழுங்கிலே அது இல்லை.

ஐயாவின் ஒழுங்கில் இல்லாத இன்னோர் இடமும் இருந்தது. திரும்பும் வழியிற் சீனன்குடாப் பக்கம் வண்டியை விடச் சொன்னாள். காட்டு மரங்களின் இடையே பேருருளைகளாக எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். நூற்றொன்று கட்டினார்கள், தொண்ணூற்றொன்பது எஞ்சியுள்ளன. 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. விமானமொன்று தாங்கி ஒன்றின்மேல் மோதி வீழ்ந்தது. தீ ஏழு நாட்கள் எரிந்தது என்பர். ஊர்மக்கள் பலர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். துறைமுகத்தை விட்டு முதல்நாளிரவே வெளிக்கிட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

இவற்றைப் பேத்தி தன் கைத்தொலைபேசியில் வாசித்துக்கொண்டு வந்தாள். “1942” என்று அவள் சொன்னபோது எனக்குள் ஏதோ தட்டுப்பட்டது. ஐயாவின் ஓய்வூதியத்துக்காக அவருடைய சேவைத் தாள்களைப் பிரதி எடுத்தவன் நானே. அதில் முதல் வரி இது: கடற்படைத் துறைமுக அலுவலகம், திருக்கோணமலை, எழுதுவினைஞர், 1941 முதல் 1945 வரை. அந்த வரியை என் கையால் எழுதியிருக்கின்றேன். அப்போது அது ஒரு முகவரி; ஒரு காலக் கணக்கு. அவ்வளவே.

அவருக்கு அன்று இருபத்து மூன்று அல்லது இருபத்து நாலு வயது இருக்கும். இடிபட்ட கோயிலின் கதையைச் சொன்னவர். குதிக்காத ஒல்லாந்தப் பெண்ணின் கதையையும் சொன்னவர். தான் கண்ணாற் கண்ட காலையைப் பற்றி எட்டு ஆண்டுகளில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சீனன்குடாவில் மூடிக்கொண்ட கண்களும், மலையுச்சியில் எல்லாரும் கடலைப் பார்க்கத் தாம் மட்டும் துறைமுகத்தைப் பார்த்து நின்ற நிலையும் இப்போது வேறொரு பொருள் கொள்கின்றன. அந்த ஊரைவிட்டு ஓடியவர்களில் அவரும் ஒருவரா, அல்லது அலுவலகத்திலேயே இருந்தாரா என்று கேட்பதற்கு இன்று எவரும் இல்லை. உயிர் தப்பிய ஓர் ஊருக்கு ஒருவர் தம் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஏன் அழைத்துப் போனார் என்று கேட்பதற்கும் இல்லை.

“அண்டைக்கு அவர் எங்கை நின்றிருப்பார், அப்பப்பா?” என்று பேத்தி கேட்டாள். வண்டியை நிறுத்தி இருவரும் இறங்கினோம். நீர்ப்பரப்பின் அப்பால் துறைமுகம் தெரிந்தது. வெளியே அவ்வளவு கொந்தளித்த கடல், நிலத்தாற் சூழப்பட்ட அந்தக் குடாவுக்குள் அசைவின்றிக் கிடந்தது. கப்பற்படைகள் இந்தத் துறைக்காக ஏன் போட்டியிட்டன என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஏப்பிரலில் மீண்டும் வரவேண்டும் என்று அவள் சொன்னாள். புறப்படுமுன் நிலாவெளிக்கு ஒருமுறை போய், ஏப்பிரலிற் கடல் எப்படி இருக்கும் என்று வலை செப்பனிட்ட முதியவரைக் கேட்டேன். அவர் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல், “வந்து பாருங்கோவன்” என்றார்.