உங்களுக்குத் தெரியுமா? பூஸ்டர் போட்டால் கேம் பறக்குமா?

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேம் திக்கினால் ‘பூஸ்டர்’ மென்பொருளை இறக்கத்தான் கை போகும்.

அது செய்வதெல்லாம் பின்னால் ஓடும் புரோகிராம்களை மூடுவது, தற்காலிக ஃபைல்களை அழிப்பது. ரேம் குறைந்த கம்ப்யூட்டரில் இதனால் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ள வசதிகளைக் கொண்டு நாமே காசில்லாமல் செய்யக்கூடிய வேலை அது. கேமின் வேகம் கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் பொறுத்தது. கமலை மாட்டை விரட்டினால் கிணற்றில் தண்ணீர் ஊறுமா?

1995-இல் அமெரிக்காவில் ‘சாஃப்ட்ராம்95’ என்றொரு மென்பொருள், ரேமை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. பிரித்துப் பார்த்தால் அப்படி எதையும் செய்யவில்லை! மறு ஆண்டே அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வேகம் கூடாதது மட்டுமல்ல, வில்லங்கமும் வரலாம்: 2017-இல், தற்காலிக ஃபைல்களை அழிக்கும் புகழ்பெற்ற ‘சிகிளீனர்’ மென்பொருளுக்குள்ளேயே திருடர்கள் வைரஸைப் புகுத்திவிட்டார்கள். சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது.

நம் ஊரில் உண்மையான எதிரி சூடும் புழுதியும். காற்று போகும் வழி அடைத்துக்கொண்டால் பிராசஸர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கினால் முதலில் மெஷினை அணைத்து, ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுங்கள். பூஸ்டருக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து வைத்து ரேம் வாங்கிப் போடுங்கள்.