கங்காணி இல்லாத பயணம்



ஈப்போவை அடுத்த லகாட் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர் பலர், கங்காணியின் வழியாகக் கப்பலேறியவர்கள். தோட்டத்துரை பணம் கொடுப்பார். கங்காணி தம் சொந்த ஊர் சென்று ஆள் சேர்ப்பார். சேர்த்த ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாள்தோறும் தலைக்காசு பெறுவார். விரும்பினால் ஒரு மாத முன்னறிவிப்புடன் தோட்டத்தை விட்டு விலகலாம் என்றது சட்டம். ஆனால், கங்காணியிடம் பட்ட கடன் காலைக் கட்டியது. 1938இல் இந்திய அரசு இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது.

அழைத்தவர் கையிலேயே வந்தவரின் வாழ்வும் இருக்கும் நிலை இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் ஆராய்ச்சியாளர் வேலையை இழந்தால், வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள அவருக்குக் கிடைப்பது அதிக அளவாக 60 நாட்களே. முதலாளியின் துணையின்றியே நிரந்தரவாச உரிமை பெற வழி உண்டா? உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வழக்கமாக, முதலாளி ஒருவர் வேலை தர முன்வந்து, தொழிலாளர் துறையின் சான்றையும் பெற்றுத் தரவேண்டும். நாட்டு நலன் கருதி இவ்விரண்டையும் தள்ளுபடி செய்ய 1990ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. முதுகலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெற்றவர், ஐ-140 என்னும் மனுவைத் தம் பெயரிலேயே கொடுக்கலாம். 2016இல் வெளிவந்த தனசார் தீர்ப்பு, இம்மனுவை மூன்று கேள்விகளால் எடைபோடச் சொல்கிறது. மேற்கொள்ளப்போகும் பணி பயனுள்ளதாகவும் நாடு தழுவிய முக்கியத்துவம் உடையதாகவும் இருக்கிறதா? அதை நடத்திச் செல்லும் தகுதி இவருக்கு உண்டா? வேலை உறுதியையும் சான்றையும் கேட்காமல் விடுவதால் நாட்டுக்கு நன்மையா? தனசார் என்பவர் விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளர்.

ஓர் எடுத்துக்காட்டு. லகாட்டில் பிறந்து, வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற பெண் ஒருவர், பழைய ஈயக் குட்டைகளின் நீரிலிருந்து கன உலோகங்களைப் பிரிக்கும் முறையை ஆராய்ந்தவர் என வைத்துக்கொள்வோம். "தூய நீர் எல்லாருக்கும் தேவை" என்று அவர் எழுதினால் போதாது. அது துறையின் பெருமை. அவருடைய பணி அன்று. கைவிடப்பட்ட சுரங்கங்களின் கழிவுநீரைத் தம் முறையால் எப்படித் தூய்மை செய்யப் போகிறார், அடுத்த கட்ட ஆய்வு என்ன என்பதைத் திட்டமாகக் காட்டவேண்டும். அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர், எதற்காக எடுத்தாண்டனர் என்பதும் சான்றாகும். உடன் பணியாற்றாத அறிஞர் தரும் கடிதம், வழிகாட்டிய பேராசிரியரின் கடிதத்தைவிடப் பெரும்பாலும் எடை மிகுந்தது.

நம் நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று. மனு ஏற்கப்பட்டாலும் விசாவுக்கு வரிசையில் நிற்கவேண்டும். அவ்வரிசை இனத்தைப் பார்ப்பதில்லை, குடியுரிமையையும் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டையே பார்க்கிறது. இந்தியாவில் பிறந்தோரின் வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. மலேசியாவில் பிறந்த தமிழர் அவ்வரிசையில் சேரமாட்டார். அவருக்குரிய வரிசை அதைவிட மிகக் குறுகியது. மனைவி தமிழ்நாட்டில் பிறந்தவராயினும், கணவரின் பிறந்த நாட்டுக் கணக்கில் அவரும் சேரலாம்.

எச்சரிக்கையும் தேவை. மனு ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் அதிகாரியின் முடிவு. "கட்டாயம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரை நம்பி, பெற்றோரின் சேமிப்பை இழந்துவிடாதீர்கள். விதிகளையும் கட்டணத்தையும் குடிவரவுத் துறையின் அறிவிப்பிலேயே பாருங்கள். நிரந்தரவாசம் குடியுரிமை ஆகாது என்பதையும் மறவாதீர்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே, பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை பெறுமுன் நன்கு சிந்திக்கவேண்டும்.

அன்று நம் பாட்டனாருக்காகப் பேசியவர் கங்காணி. இன்று பேத்திக்காகப் பேசவேண்டியவை அவருடைய சொந்த ஆய்வும் அதற்கான சான்றுகளுமே. ஆகவே, ஆராய்ச்சி மாணவர்கள் தம் கட்டுரைகளையும் கடிதங்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துவைப்பார்களாக.