முடிவில்லா ஆட்டமும் முடிவுள்ள ஆட்டமும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தகைய ஒருவன் வானொலியில் பேச வந்தால், காலத்தின் அருமையைப் பற்றியோ கையெழுத்தின் அழகைப் பற்றியோ பேசுவான் என்றுதான் நீங்கள் எண்ணியிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வீடியோ விளையாட்டுகள். அவற்றுள்ளும், அவை முடிவுறும் விதம். ஒரு மாணவனுக்கு நான் நெடுங்காலமாகப் பட்டிருக்கும் கடனே இப்பொருளை எடுத்துக்கொள்ளச் செய்தது.

1990-களின் நடுப்பகுதியில் நான் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அருகே சென்று பார்த்தேன். அவன் கையில் ஒரு சிறு விளையாட்டுக் கருவி இருந்தது. மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குகின்ற ஆட்டம் அது. கருவியைக் கேட்டேன்.

"சார், ஆட்டம் இன்னும் முடியவில்லை" என்றான்.

"எப்போது முடியும்?" என்றேன்.

"இது முடியாது சார். நாம் தோற்றால்தான் முடியும்."

வகுப்பு சிரித்தது. அவன் விடையைக் குறும்பு என்று கருதினேன். கருவியைப் பறித்துப் பூட்டி வைத்தேன். ஆண்டுத் தேர்வு முடிந்த பின்பே திருப்பித் தந்தேன். அவன் சொன்னது முழு உண்மை என்பதை அறிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஓய்வு பெற்ற பின், கல்லூரியில் பயிலும் என் பேரனின் அருகே அமர்ந்து சில ஆட்டங்களைக் கண்டேன். வேறு சிலவற்றின் வரலாற்றைப் படித்தேன். அங்ஙனம் அறிந்தவற்றையே இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், முடிவு என்றால் என்ன என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். தாயம் ஆடுகிறோம். ஒருவருடைய காய்கள் எல்லாம் பழமாகிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்ற தீர்ப்பே அங்கு முடிவு. கதையின் முடிவோ வேறு வகையானது. கோவலன் கொலையுண்ட பின்னும் சிலப்பதிகாரம் முடியவில்லை. மதுரை எரிந்த பின்னும் முடியவில்லை. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த பின்பே அது முடிகிறது. நடந்தவற்றின் பொருள் நமக்கு விளங்கும் இடமே கதைக்கு முடிவு. வீடியோ விளையாட்டு என்பது ஆட்டமும் கதையும் மணந்து பிறந்த பிள்ளை. அதனால் அது எந்த வகையில் முடிய வேண்டும் என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெளிவாகவில்லை. அந்தத் தெளிவு பிறந்த வரலாறு சுவை மிக்கது.

1978-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் டைட்டோ என்னும் நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. வேற்றுலகப் பகைவர் ஐம்பத்தைந்து பேர் ஐந்து வரிசைகளாகத் திரையில் இறங்கி வருவர். கீழே நின்று அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். ஒரு படை அழிந்தால் மறு படை வரும். பகைவர் குறையக் குறைய எஞ்சியவர் விரைந்து நகர்வர். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரத்தின் வேலை எளிதாகி, அவ்விரைவு தானாகவே உண்டாயிற்று என்பது அறிந்து மகிழத்தக்க செய்தி. ஆனால் அந்த ஆட்டத்தை வென்று முடிக்க இயலாது. ஆடுபவன் தோற்கும் வரை அது நீளும். அது கடைகளில் நாணயம் போட்டு ஆடிய காலம். ஒருவன் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். ஆதலின் தோல்வி ஒன்றே முடிவாக இருந்தது.

இந்தக் கட்டாயத் தோல்விக்கே ஒரு பொருள் உண்டாக்கிய ஆட்டமும் விரைவில் தோன்றியது. 1980-இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'மிசைல் கமாண்ட்' என்பது அது. அமெரிக்காவும் சோவியத் நாடும் அணு ஆயுதங்களை ஏந்தி ஒன்றையொன்று அஞ்சியிருந்த காலம். திரையின் அடியில் ஆறு நகரங்கள். வானத்திலிருந்து ஓயாமல் ஏவுகணைகள். அவற்றை நடுவானில் அழித்து நகரங்களைக் காக்க வேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஒரு கட்டத்தில் கடைசி நகரமும் எரிந்துபோகும். அப்போது, ஆட்டம் முடிந்தது என்று பிற ஆட்டங்கள் அறிவிப்பது போல இது அறிவிப்பதில்லை. வெடித்துப் பரவும் ஒளியின் நடுவே 'முடிவு' என்னும் சொல் மட்டும் தோன்றும். எதனுடைய முடிவு என்று ஆடியவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனை உருவாக்கிய டேவ் தூரர் என்பவரே, அணுகுண்டுகள் விழுவதாகக் கனவு கண்டு நடுங்கி விழித்ததாகக் கூறியிருக்கிறார்.

இயந்திரம் தன் எல்லையைத் தொட்டு நிற்பது மற்றொரு வகை முடிவு. அதே 1980-இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி 'பேக்-மேன்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதற்கும் முடிவு வகுக்கப்படவில்லை. ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கையை எட்டு பிட்டுகள் கொண்ட ஒரே ஒரு பைட்டில் எழுதி வைத்தார்கள். எட்டு பிட்டுகளில் 0 முதல் 255 வரை 256 எண்களைத்தான் எழுத முடியும். ஆகவே 256-ஆம் சுற்றில் கணக்கு நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி முழுவதும் சிதறிய எழுத்துகளும் எண்களுமாகிவிடுகிறது. அச்சுற்றை எவராலும் முடிக்க இயலாது.

என் மாணவனின் கருவியில் இருந்தது போன்ற கட்டை அடுக்கும் ஆட்டத்துக்கு மூலமானது 'டெட்ரிஸ்'. 1980-களின் நடுவில் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் அதனை உருவாக்கினார். நிண்டெண்டோ கருவிக்காக 1989-இல் வந்த அதன் வடிவம், மனிதன் தோற்கும் வரை ஆடப்படுவது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2023 டிசம்பரில் பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலை வரை ஆடினான். அங்கே ஆட்டத்தின் கணக்கு தடுமாறி, திரை உறைந்து நின்றது. மனிதர் கையால் அங்ஙனம் நடந்தது அதுவே முதல் முறை. அன்று தோற்றது இயந்திரம். செய்தியைப் படித்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த மாணவனின் முகம் என் கண்முன் வந்தது.

இனி, முடிவு என்பது ஓர் இடத்தைச் சென்றடைதல் என்று மாறிய காலத்துக்கு வருவோம். வீட்டிலேயே ஆடும் கருவிகள் பரவின. ஒருமுறை விலை கொடுத்து வாங்கியவனிடம் மேலும் நாணயம் கேட்க முடியாது. அவனுக்கு ஒரு நிறைவையே தர வேண்டும். 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இதற்கு நல்ல சான்று. ஷிகெரு மியாமோட்டோ அதன் ஆசிரியர். சிறைப்பட்ட இளவரசியைத் தேடி மாரியோ எட்டு உலகங்களைக் கடக்கிறான். ஏழு கோட்டைகளிலும் ஏவலாள் ஒருவனே எதிர்ப்பட்டு, இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாகச் சொல்கிறான். ஏழு முறை ஏமாந்த பின் எட்டாம் முறை அவளைக் காணும்போது சிறுவர்கள் அடைந்த மகிழ்ச்சி, அந்த ஏழு ஏமாற்றங்களால் விளைந்தது. தேர்வில் எளிதாகக் கிடைத்த மதிப்பெண்ணும் உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணும் ஒன்றாக இனிப்பதில்லை அல்லவா?

மறு ஆண்டு, 1986-இல், அதே நிறுவனத்தின் 'மெட்ராய்டு' வந்தது. கவசம் பூண்ட வீரர் ஒருவர் வேற்றுக் கோளில் போரிடுகிறார். ஆட்டத்தோடு தந்த ஆங்கிலக் கையேடும் அவரை ஆண் என்றே குறித்தது. விரைவாக ஆடி முடித்தவர்க்கு மட்டும் இறுதியில் கவசம் விலகும். உள்ளே இருந்தவர் ஒரு பெண். வீரம் என்றால் ஆண் என்று கேளாமலே எண்ணிக்கொண்டவர்கள், தம் எண்ணத்தைத் தாமே நொந்துகொண்டனர். முன்னர் நடந்த அனைத்தையும் பின்னோக்கி ஒளியூட்டும் முடிவு அது.

இவற்றையெல்லாம் விட என் உள்ளத்தை அசைத்தது 2005-இல் வெளிவந்த 'ஷேடோ ஆஃப் த கொலாசஸ்'. இதனை உருவாக்கியவர் ஃபுமிதோ உவேடா. இறந்துபோன ஒரு பெண்ணைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, தடைசெய்யப்பட்ட நிலத்துக்கு ஓர் இளைஞன் வருகிறான். பதினாறு மாபெரும் உருவங்களை வீழ்த்தினால் அவள் உயிர் பெறக்கூடும் என்று உருவமற்ற குரல் ஒன்று கூறுகிறது. அவ்வுருவங்களுட் பல, தாமாக யாரையும் தாக்க வருவதில்லை. ஒவ்வொன்றும் சாயும்போது கரிய நிழல் ஒன்று இளைஞனின் உடலுள் புகுகிறது. அவன் தோற்றம் சிதைந்துகொண்டே போகிறது. பதினாறும் வீழ்ந்த பின், அந்தக் குரலுக்கு அவன் உடலே இருப்பிடமாகிவிடுகிறது. அவனைத் தடுக்க வந்தவர்கள் எழுப்பிய சுழல் அவனை இழுக்கிறது. இந்த இடத்தில் ஆட்டம் தன் பிடியை ஆடுபவனிடமே விட்டுவைக்கிறது. அவன் விசைகளை அழுத்தி அழுத்தி, படிகளைப் பற்றிக்கொண்டு, அந்தப் பெண்ணை நோக்கி நகர முயலலாம். சென்றடைய மட்டும் முடியாது. சுழல் அவனை விழுங்கிய பின் அவள் கண் விழிக்கிறாள்.

கதையில் ஒருவன் தவறு செய்தால், அவன் செய்தான் என்று நாம் விலகி நிற்கலாம். இங்கு வாளை ஓங்கியது நம் கை. பதினாறு முறையும், இது சரியா என்று கேளாமல் ஓங்கிய கை. இந்த ஊடகத்துக்கே உரிய ஆற்றல் இது என்று நான் கருதுகிறேன். முடிவுக்கு ஆடியவனே பொறுப்பாளி.

அப்பொறுப்பைப் பிறர்பால் அன்பாக மாற்றிக் காட்டியது 2012-இல் வந்த 'ஜர்னி'. ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் ஜெனோவா சென் என்பவரின் குழு அதனை ஆக்கியது. பாலைவனத்தில் தொடங்கி, தொலைவில் ஒளிரும் ஒரு மலையை நோக்கி நடப்பதே ஆட்டம். வழியில் மற்றோர் உருவம் எதிர்ப்படும். உலகின் எங்கோ ஒரு மூலையில் இருந்து அந்நேரம் ஆடிக்கொண்டிருக்கும் உண்மை மனிதர் அவர். பெயர் தெரியாது, பேசவும் முடியாது. மணியோசை போன்ற ஒலி எழுப்பி ஒருவரையொருவர் அழைக்கலாம், அவ்வளவே. பனி மூடிய மலைச்சரிவில் இருவரும் தளர்ந்து, ஒருவர் அருகில் ஒருவர் நடந்து, வீழ்ந்து, பின்னர் எழுந்து ஒளியில் கலப்பர். எல்லாம் முடிந்த பின்புதான் உடன் வந்தவர்களின் பெயர்கள் திரையில் தோன்றும். வழி நெடுக ஒரே துணை என்று எண்ணியிருந்தவன், தன்னுடன் பலர் வந்து சென்றிருப்பதைச் சிலவேளை அப்போதே அறிவான். ஆஸ்டின் வின்டோரி இதற்கு அமைத்த இசை கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இறுதியாக, என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். ஒருநாள் மாலை என் பேரன் கருவியின் முன் பேசாமல் அமர்ந்திருந்தான்.

"என்ன தம்பி, தோற்றுவிட்டாயா?" என்றேன்.

"முடித்துவிட்டேன், தாத்தா."

"முடித்தவன் முகமா இது?"

"நான் சேமித்து வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்றான்.

பல வாரங்கள் ஆடிச் சேர்த்ததை அழிப்பதா என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். பழைய நினைவு தடுத்தது. இம்முறை, ஏன் என்று கேட்டேன். அவன் விளக்கினான்.

அந்த ஆட்டம், 2017-இல் யோகோ தாரோ இயக்கிய 'நியர் ஆட்டோமாட்டா'. ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்றாக இருபத்தாறு முடிவுகள் அதற்கு உண்டு. அவற்றுள் ஐந்தாவது முடிவில், ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வரும். அவை குண்டுகளைப் பொழியும். தனியாக நின்று வெல்வது மிக அரிது. பலமுறை வீழ்ந்த பின், முன்பின் அறியாத பிறர் எழுதிய ஆறுதல் மொழிகள் தோன்றும். உதவியை ஏற்கிறாயா என்று ஆட்டம் கேட்கும். ஏற்றால், அவர்களுடைய சிறு கலங்கள் நம்மைச் சூழ்ந்து காக்கும். அவற்றுள் ஒன்று அடிபடும்போதெல்லாம், அதற்குரியவரின் சேமிப்பு அழிந்ததாக அறிவிப்பு வரும். வென்ற பிறகு நம்மிடம் ஒரு கேள்வி: உன் சேமிப்பு முழுவதையும் கொடுத்து, உனக்குத் தெரியாத ஒருவருக்கு உதவுவாயா? அவர் உனக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம், நன்றியும் கிடைக்காது. மீண்டும் மீண்டும் கேட்கும். ஆம் என்றால், உண்மையாகவே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

"யாருக்காகக் கொடுத்தாய்?" என்று கேட்டேன்.

"தெரியாது, தாத்தா" என்றான்.

மாணவ நண்பர்களே! ஆடுங்கள் என்றோ ஆடாதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. படிப்பையும் உறக்கத்தையும் தின்னும் ஆட்டம் எவ்வளவு சிறந்த முடிவை உடையதாயினும் கேடே. ஆயினும், நீங்கள் ஓர் ஆட்டத்தை முடித்து உள்ளம் கனத்திருக்கும் நாளில், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் சென்று அதன் முடிவைக் கதையாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்டால், கேலி என்று கருதாமல் விளக்குங்கள்.

அன்று அந்த மாணவனிடம், ஏன் முடியாது என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அவன் கருவியையே கரும்பலகையாகக் கொண்டு இருமை எண்களை அந்த வகுப்புக்குக் கற்பித்திருப்பேன். வாய்ப்பைப் பூட்டி வைத்தவன் நான். இப்போது அவனுக்கு நாற்பது வயதைக் கடந்திருக்கும். இந்த ஒலிபரப்பை எங்கேனும் அவன் கேட்டுக்கொண்டிருந்தால், அவன் சொன்ன விடை சரியானது என்பதைக் காலம் கடந்தேனும் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.