ஜாடிக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

குட்டீஸ்! செவிலிமேட்டில் பாலாற்று மணல் சுடத் தொடங்கிவிட்டதா? அப்படியென்றால் மாவடு வந்தாச்சு! பாட்டியை நச்சரித்து, அடிபடாத வடுவாக ஒரு கிலோ வாங்குங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி விளக்கெண்ணெய் தடவுங்கள். (முகம் சுளிக்காதீங்க, வாசனை தெரியாது!) பீங்கான் ஜாடியில் 150 கிராம் கல் உப்போடு அடுக்கி, தினமும் குலுக்குங்கள்.

மூன்று நான்கு நாளில் வடு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நிற்கும். நாம்தான் சொட்டுகூட ஊற்றவில்லையே! வடுவுக்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்துவிட்டது. அந்த உப்புநீரில் பல கிருமிகளால் வளர முடியாது. பிறகு மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள்தூளைப் பாட்டி கலக்கட்டும். உங்கள் கை எரியும்.

ஈரக்கரண்டி பட்டால் போச்சு, பூஞ்சை பூத்துவிடும்! அதை வழித்தெடுத்துவிட்டுச் சாப்பிடக்கூடாது, மொத்தமும் குப்பைக்குத்தான். உப்பு அதிகமாச்சே, தயிர்சாதத்துக்கு ஒரு வடு போதும். அண்ணன் ரெண்டு எடுக்கிறாரா, எண்ணிப் பாருங்கள்!